இருமினால் கசிகிறது, உறவில் வலிக்கிறது: லேசர் செய்துகொள்ளலாமா?

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சுகப்பிரசவம், தையல் போட்டார்கள், குழந்தைக்கு இப்போது 11 மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிகிறது. உறவின்போது ஆரம்பத்திலேயே எரிச்சலும் வலியும் வந்துவிடுவதால் கணவர் பக்கத்தில் வந்தாலே பயமாக இருக்கிறதாம். "பிரசவத்துல எல்லாம் தளர்ந்து போயிருக்கும்" என்று நாத்தனார் சொல்ல, யூடியூபைப் பார்த்து தினம் 200 முறை கெகல் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்குவதுபோல அடிப்பகுதித் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி, செய்திருக்கிறார். வலி கூடியதுதான் மிச்சம். இப்போது ஒரு கிளினிக்கில் பிறப்புறுப்பை இறுக்க மூன்று சிட்டிங் லேசருக்கு 75,000 ரூபாய், தவணையிலும் கட்டலாம் என்கிறார்களாம். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு, செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அந்த 200 கெகலையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டினதுபோல ஒரு தசைப் படுகை இருக்கிறது, இடுப்புத் தளத் தசை என்பார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரசவத்தில் இந்தத் தசையின் ஒரு பகுதி சுமார் மூன்று மடங்கு நீளத்துக்கு இழுபடுகிறது. அதனால் சிலருக்குத் தளர்வது உண்மைதான். ஆனால் தையல் போட்ட இடத்தில் வலி இருந்தால், அந்த வலிக்குப் பயந்து தசை தன்னை அறியாமலே இறுகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. உங்களைப் பரிசோதிக்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது, இருந்தாலும் கெகல் செய்யச் செய்ய வலி கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும் எனக்குச் சந்தேகம் வர.

இறுகின தசை என்றால் பலமான தசைதானே, பிறகு ஏன் கசிகிறது என்று கேட்பீர்கள். கையை இறுக்கி மூடிக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம் வரை இருந்து பாருங்கள். அப்புறம் அதே கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது, கை ஏற்கெனவே ஓய்ந்திருக்கும். உங்கள் இடுப்புத் தசையும் அப்படித்தான். நாள் முழுக்கப் பிடித்தபடி இருப்பதால் இருமல் வரும் நொடியில் இன்னும் சுருங்க அதற்கு இடமில்லை. இந்த நிலையில் கெகல் செய்வது மூடின கையை இன்னும் மூடச் சொல்வது மாதிரி. கெகல் கெட்ட பயிற்சி அல்ல. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் அதைப் பற்றி எழுதினார், கசிவுக்கு இன்றுவரை முதல் வைத்தியம் அதுதான். ஆனால் வலி உள்ளவர்களுக்கு முதல் வேலை தளர்த்தக் கற்றுக்கொள்வது. திரும்பச் சொல்கிறேன்: வலி இருந்தால் முதலில் தளர்த்துவது, பிறகுதான் பலப்படுத்துவது. யூடியூபில் "பெண்கள் எல்லோரும் செய்ய வேண்டியது" என்று கை தட்டி எண்ணச் சொல்கிறவர்கள் இதை மட்டும் சொல்லமாட்டார்கள். உறவில் வலி உள்ளவர்கள், மலச்சிக்கலால் முக்குகிறவர்கள், சிறுநீர் போக உட்கார்ந்தும் உடனே வராதவர்கள், இவர்களில் நிறையப் பேருக்கு இறுக்கம்தான் பிரச்சினை. என்னிடம் வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியே பாதி நேரம் போகிறது.

இப்போது லேசர். போனில் உங்களிடம் இனிமையாகப் பேசின "கவுன்சிலர்" மருத்துவரோ நர்ஸோ என்று கேட்டீர்களா? பெரும்பாலும் விற்பனைக்கு வைத்த ஆள்தான், மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற டார்கெட்டோடு. "எஃப்.டி.ஏ. அங்கீகாரம் பெற்ற கருவி" என்பார்கள். எஃப்.டி.ஏ. என்பது மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு. அது அரைகுறை உண்மை. அந்த மாதிரிக் கருவிகளுக்கு மரு, புற்றுநோய்க்கு முந்தைய திசு போன்றவற்றை அழிக்கத்தான் அனுமதி. பெண்ணுறுப்பை "இளமையாக்க", கசிவை நிறுத்த, உறவுச் சுகத்தைக் கூட்ட என்று விற்பதைப் பற்றி அதே எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் வெளிப்படையாக எச்சரித்தது. தீக்காயம், தழும்பு, உறவின்போது வலி, நாள்பட்ட வலி எல்லாம் வரலாம் என்றது. நீங்கள் எந்த வலிக்காகப் போகிறீர்களோ அதையே காசு கொடுத்து வாங்கிவரும் அபாயம். உட்கார்ந்தால் தானாகத் தசையைச் சுருக்கிவிடும் காந்த நாற்காலி, "கன்னித்தன்மை திரும்பும்" என்று வரும் க்ரீம், எல்லாம் ஒரே சந்தைச் சரக்குதான். படிகாரத் தண்ணீரில் கழுவுவது, மாசிக்காய்ப் பொடி வைப்பது என்று வீட்டிலேயே செய்கிறவர்களும் உண்டு. அதனால் இறுகியதுபோலத் தோன்றும், உண்மையில் தோல் வறண்டு புண்ணாகிறது.

தையல் போடும்போது "வீட்டுக்காரருக்காக ஒரு தையல் சேர்த்துப் போட்டிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்ன மருத்துவரைப் பற்றி என்னிடம் வந்த ஒரு பெண் சொல்லியிருக்கிறார். பிரசவம் முடிந்து ஒன்றரை மாதத்தில் போனால் குழந்தைக்கு ஊசி போட்டாச்சா, காப்பர்-டி வெச்சாச்சா என்று கேட்பார்கள். தையல் வலிக்கிறதா, சிறுநீர் கசிகிறதா என்ற இரண்டு கேள்விக்கு அங்கே நேரமில்லை. ஒரு நிமிடம் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியும் விஷயத்துக்கு ஸ்கேன் எழுதுகிறார்கள், ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் "எல்லாம் மனசுதான்" என்று அனுப்புகிறார்கள். அப்புறம் அந்தப் பெண்கள் லேசர் விளம்பரத்தில் விழாமல் வேறு என்ன செய்வார்கள்?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறு உப்பட்டும், கூடவே அடிப்பகுதியும் மெல்லக் கீழே இறங்கி மலர்வதை உணரப் பாருங்கள், முக்கக் கூடாது. மூச்சு வெளியே போகும்போது அது தானாக மேலே வரும், நீங்கள் எதையும் சுருக்க வேண்டாம். ஐந்து நிமிடம், காலையும் இரவும். ஒரு வாரம் எதுவும் பிடிபடாது, பரவாயில்லை. மலம் கழிக்கும்போது முக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம், வெளியே கிளம்பும்முன் "எதற்கும் போய்விட்டு வருவோம்" என்று அரை மணிக்கு ஒருமுறை போகவும் வேண்டாம்.

தாய்ப்பால் கொடுக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவாக இருக்கும், அதனால் பிறப்புறுப்பு வறண்டிருக்கும். எரிச்சலில் பாதி இதனாலாக இருக்கலாம். தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும், வெட்கப்படாமல் கேளுங்கள். ஆணுறை பயன்படுத்தினால் தேங்காய் எண்ணெய் கூடாது, லேடெக்ஸ் கிழிந்துவிடும். ஜெல்லால் போதாவிட்டால் மகப்பேறு மருத்துவர் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தரலாம், நீங்களாக வாங்காதீர்கள்.

உறவைப் பற்றி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது தியாகம் இல்லை. ஒவ்வொரு தடவை வலிக்கும்போதும் உடம்பு அடுத்த தடவைக்கு முன்கூட்டியே இறுகப் பழகுகிறது. ஆறு வாரத்துக்கு உள்ளே செலுத்துவது வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் படுப்பது, அணைப்பது, தொடுவது எதையும் நிறுத்த வேண்டாம், அது வேறு எதற்கும் இட்டுச்செல்லாது என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இந்தப் பத்தியையே படிக்கக் கொடுங்கள்.

இதோடு, இடுப்புத் தளத் தசைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைத் தேடுங்கள். போனிலேயே கேளுங்கள்: உள்ளே விரல் வைத்துப் பரிசோதிப்பீர்களா, என் சம்மதம் கேட்டுத்தானே செய்வீர்கள், தசை தளர்கிறதா என்றும் பார்ப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மகளிர் ஓ.பி.யில் பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், தானாகத் தரமாட்டார்கள். தழும்பை நீவிவிடுவதை அவர் உங்களுக்குக் கற்றுத் தரட்டும். வலி அடங்கினபின் பலப்படுத்தும் பயிற்சி: எட்டு முறை சுருக்கி, ஒவ்வொரு முறையும் முழுதாகத் தளர்த்தி, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். 200 எல்லாம் கிடையாது. பயிற்சிக்காகச் சிறுநீரைப் பாதியில் அடக்கியும் பார்க்காதீர்கள். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு ஒரு நொடி முன்னால் லேசாகச் சுருக்கிப் பிடிப்பதையும் அப்போது பழகலாம்.

கீழே ஏதோ இறங்கி வருவதுபோல இருந்தாலோ, மலமோ வாயுவோ கட்டுப்படாமல் போனாலோ, துர்நாற்றம், காய்ச்சல், ரத்தம் வந்தாலோ பயிற்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். "இறக்கமா, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று முதல் சந்திப்பிலேயே யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 5,000 ரூபாய். போனில் கேட்காதீர்கள், பேசியே கரைத்துவிடுவார்கள். "சிகிச்சை வேண்டாம், முன்பணத்தைத் திருப்பித் தரவும்" என்று வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.