தூண்டில் கேள்வி–பதில்: சாம் ரேபர்ன் ஏரியில் மார்ச் மாதத்து பாஸ் மீன்

கேள்வி: கிராமத்துக் கண்மாயில் விரால் பிடித்து வளர்ந்தவன் நான். ஹூஸ்டனுக்குக் குடிவந்த பிறகு, சென்ற ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் நண்பரின் படகில் சாம் ரேபர்ன் நீர்த்தேக்கத்துக்குப் போயிருந்தேன். காலை முதல் மாலை வரை ஆழமான இடங்களிலேயே தூண்டில் போட்டும் ஒரு மீன்கூடத் தட்டுப்படவில்லை. அவ்வளவு பெரிய ஏரியில் எங்கேதான் தேடுவது? *(ஹூஸ்டன் வாசகர்)*

பதில்: நீங்கள் போன நாள் சரியான நாள்தான், தேடிய ஆழம்தான் சரியில்லை. ஏஞ்சலினா ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 1965-இல் நீர் தேக்கத் தொடங்கிய இந்த ஏரி, முழுக்க முழுக்க டெக்சாஸ் மாநிலத்துக்குள்ளேயே அடங்கும் ஏரிகளில் மிகப் பெரியது. நிறைந்திருக்கும்போது அதன் பரப்பு ஏறத்தாழ 1,14,500 ஏக்கர். இவ்வளவு தண்ணீரையும் ஒரே நாளில் துழாவிப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால், பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை பெருவாய் பாஸ் (largemouth bass) மீன்களில் பெரும்பகுதி ஒரே வழியில்தான் நகர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஏரியின் பெரும்பரப்பை மனத்திலிருந்தே கழித்துவிடலாம்.

குளிர்காலத்தில் பழைய ஓடைத்தடங்களின் ஓரங்களில் ஆழத்தில் தங்கியிருக்கும் மீன்கள், நீரின் வெப்பம் 50 பாரன்ஹீட் பாகையைத் தாண்டி 55-ஐ நெருங்கும்போது, முட்டையிடும் குடாக்களை நோக்கிப் படிப்படியாக மேலேறுகின்றன. 60-ஐத் தாண்டியதும் ஆண் மீன்கள் கரையோரத்தில் வாலால் அடிமண்ணைத் துடைத்துக் கூடு அமைக்கத் தொடங்கிவிடும். (முட்டையையும் குஞ்சுகளையும் ஆண்தான் காவல் காக்கும். பார்ப்புக் கூட்டத்தை விட்டகலாத விராலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.) ஆழத்துக்கும் கூட்டுக்கும் இடையே அவை தங்கிச் செல்லும் இடம்தான் நீங்கள் தேட வேண்டிய இடம். குடாவின் வாயிலில் இருக்கும் மேட்டு முனை, ஓடைத்தடம் கரையை ஒட்டி வளையும் திருப்பம், நான்கு அடி முதல் எட்டு அடி ஆழத்தில் வேலம்பாசி மண்டிக்கிடக்கும் திட்டு ஆகிய இம்மூன்றையும் முதலில் பாருங்கள். இவற்றில் இரண்டு ஓரிடத்தில் கூடியிருந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

நாட்காட்டியைவிடப் படகிலுள்ள வெப்பமானியை நம்புங்கள் என்றே நான் சொல்வேன். ஒரே நாளில், ஒரே ஏரியில், திறந்த நீருக்கும் ஒதுக்குக் குடாவுக்கும் நான்கைந்து பாகை வேறுபாடு இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வடகரையில் உள்ள குடாக்கள் முதலில் சூடேறுகின்றன. அங்குள்ள பைன் மரங்கள் வடக்குக் குளிர்காற்றைத் தடுத்துவிடும். தெற்கே சாய்ந்த வெயிலும் நாள் முழுதும் அங்கே விழும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தென்காற்று வீசினால், மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரும் அந்தப் பக்கமே ஒதுங்கும்.

கேள்வி: அந்த ஏரிக்கு மார்ச்சில் சிவப்பு நிறத்தில் கிலுகிலுக்கும் செயற்கை இரை ஒன்று போதும் என்கிறார்கள். வாங்கிவிட்டேன். ஆனால் வீசும்போதெல்லாம் பாசியில் சிக்கிக்கொள்கிறது. நான் செய்யும் தவறு என்ன? *(பியூமாண்ட் வாசகர்)*

பதில்: தவறு எதுவும் இல்லை. பாசியில் சிக்குவதுதான் அந்த உத்தியின் தொடக்கமே. நீங்கள் வாங்கியது ‘லிப்லெஸ் கிராங்க்பெயிட்’ என்ற வகை. தட்டையான உடலும், உள்ளே உருளும் மணிகளும் கொண்ட அதற்கு முன்பக்கத்தில் நாக்குத் தகடு கிடையாது. அரை அவுன்ஸ் எடையுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டில் நரம்பு 15 முதல் 17 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் இழையாக இருக்கட்டும். மெல்லிய நரம்பு இந்த வேலைக்கு ஆகாது.

நீளமாக வீசி, இரை இறங்க ஓரிரு நொடி விட்டு, நிதானமாகச் சுற்றுங்கள். சுற்றும்போது கோலின் நுனியில் மணிகளின் அதிர்வு இடைவிடாமல் கைக்கு வந்துகொண்டிருக்கும். பாசியின் உச்சியை இரை தொட்டதும் அந்த அதிர்வு மங்கி, ஈரத்துணியை இழுப்பதுபோன்ற கனம் தெரியும். அப்போது சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கோலைப் பக்கவாட்டில் வெடுக்கென்று சுண்ட வேண்டும். பாசி அறுந்து இரை துள்ளி வெளிப்படும் அந்த நொடியிலோ, அடுத்த கணம் அது தள்ளாடி இறங்கும்போதோதான் மீன் பாய்கிறது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மீன் கடித்தால் பெரிய இழுப்பு வரும் என்று காத்திருப்பார்கள். வருவதோ பெரும்பாலும் நரம்பு திடீரெனத் தொய்வதுதான். சுண்டிய பிறகு நரம்பில் கனமே இல்லை என்றால், உடனே வேகமாகச் சுற்றி இறுக்கிக் கோலை உயர்த்துங்கள். ஒவ்வொரு முறை இரையை எடுக்கும்போதும் முள்ளில் தொங்கும் பாசியைக் கவனியுங்கள். பச்சையாக, விறைப்பாக இருந்தால் அந்தத் திட்டிலேயே தொடருங்கள். பழுப்பேறிக் கொழகொழவென்று வந்தால் வேறு திட்டுக்குப் போய்விடுங்கள்.

சிவப்பு நிறத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், பனிக்காலம் முடிந்து வளைகளிலிருந்து வெளிவரும் செம்பழுப்பு நிறக் கிராஃபிஷ்தான். நண்டைப்போல் கொடுக்கும் இறாலைப்போல் உடலும் கொண்ட இந்த நன்னீர் உயிரி பாஸ் மீனுக்குப் பிடித்தமான தீனி. நீர் தெளிந்திருக்கும் நாளில் வெள்ளி நிறமும் நன்றாகவே எடுபடும்.

கேள்வி: சனிக்கிழமை பன்னிரண்டு மீன் கிடைத்த அதே இடத்தில், அன்றிரவு குளிர்காற்று வந்து போனபின், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. மீன்கள் ஆழத்துக்குத் திரும்பிவிட்டனவா? *(டல்லாஸ் வாசகர்)*

பதில்: பெரும்பாலும் இல்லை. மேகமற்ற நீலவானமும் வடகாற்றும் சேர்ந்து வரும் மறுநாளில் மீன் வெகுதூரம் போவதில்லை. பாசித்திட்டின் ஆழமான விளிம்புக்கு ஒதுங்கி, அல்லது பாசிக்குள்ளேயே புதைந்து, அசையாமல் கிடக்கும். துரத்தாது, ஆனால் வாயருகே வந்ததை விடாது. ஆகவே இடத்தை மாற்றாமல் வேகத்தை மாற்றுங்கள். நீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நடுவில் நிற்கும் ‘ஜெர்க்பெயிட்’ வகை இரையை இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு, பத்து எண்ணும்வரை அப்படியே விடுங்கள். குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கும், பாஸுக்கு இரையாகும் ஷாட் (shad) என்ற சிறுமீனின் குஞ்சு அப்படித்தான் அந்தரத்தில் நிற்கும்.

அதுவும் பலிக்கவில்லையென்றால் ‘கரோலைனா’ முறைக்கு மாறுங்கள். முக்கால் அவுன்ஸ் ஈயக்குண்டுக்குப் பின்னால் சுழல்வளையம் கட்டி, மூன்று அடி நரம்பு விட்டு, நுனியில் பல்லி வடிவ மென்பிளாஸ்டிக் இரையைக் கோத்து, தரையோடு மெல்ல இழுப்பதே அது. முன்னே செல்லும் குண்டு சேற்றைக் கிளப்ப, பின்னால் அந்தப் பல்லி எடையின்றி மிதந்து வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு கடிகூட இல்லாவிட்டாலும் தொடர்ந்து இழுக்கும் பொறுமை இதற்கு வேண்டும்.

கேள்வி: எங்களிடம் படகு இல்லை. பத்து வயது மகளோடு கரையிலிருந்தே முயலலாமா? *(லஃப்கின் வாசகி)*

பதில்: தாராளமாக முயலலாம். கரைக்கு மீன் தானாக வந்து சேரும் பருவம் இது. பிற்பகல் வெயில் நன்றாக ஏறிய பிறகு, வடகரைக் குடா ஒன்றில், கரைக்கு இணையாக வீசிப் பாருங்கள். 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டெக்சாஸில் மீன்பிடி உரிமம் தேவையில்லை, உங்களுக்குத் தேவை. என்றாவது யாருடைய படகிலாவது ஏறினால், மகளுக்கு உயிர்காப்பு மேலங்கி அணிவிப்பது சட்டப்படியே கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் அணிவியுங்கள். மார்ச் மாதத்து நீர் பெரியவர்களையே சில நிமிடங்களில் விறைக்க வைத்துவிடும். காற்று கிளம்பினால் இந்த ஏரியில் எழும் அலை சிறு படகுக்குப் பெரிது.

கேள்வி: வயிறு நிறைய முட்டையோடு ஆறு பவுண்டு மீன் ஒன்று கிடைத்தது. குழம்பு வைக்க மனம் வராமல் விட்டுவிட்டேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? *(ஹூஸ்டன் வாசகர், இன்னொருவர்)*

பதில்: சட்டப்படி நீங்கள் அதை எடுத்துச் சென்றிருக்கலாம். 14 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெருவாய் பாஸ், நாளொன்றுக்கு ஒருவருக்கு ஐந்து வரை அனுமதி உண்டு. ஆனாலும் நீங்கள் செய்ததே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறு பவுண்டு எட்டப் பல ஆண்டுகள் வளர்ந்த பெண் மீன் அது. உணவு என்ற வகையிலும் யோசியுங்கள்: இந்த ஏரியின் பாஸ் மீன்களில் பாதரசம் இருப்பது பற்றி மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்துள்ளது. பெரிய மீனில் பாதரசமும் அதிகம் சேர்ந்திருக்கும். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

விடும்போது சில கவனம் தேவை. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். கீழ்த்தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் கருவியை முதலில் தயாராக வைத்துக்கொண்டு, பிறகு மீனை நீரிலிருந்து எடுங்கள்.

என்றாவது ஒருநாள் உங்கள் தூண்டிலில் 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள மீன் சிக்கினால் விட்டுவிடாதீர்கள். காற்றூட்டிய தொட்டியில் உயிரோடு வைத்து, டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையை உடனே அழையுங்கள். 1986 முதல் நடந்துவரும் ‘ஷேர்லங்கர்’ திட்டத்தின்கீழ், ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை அத்தகைய மீன்களை அவர்கள் இனப்பெருக்கத்துக்காகக் கடனாகப் பெற்றுக்கொள்கிறார்கள். அத்தீன்ஸ் நகரிலுள்ள பண்ணையில் அது முட்டையிட்ட பிறகு, பெரும்பாலும் பிடிபட்ட ஏரியிலேயே கொண்டுவந்து விடுவார்கள்.