கல்ச்சர் நன்றாக வளர்கிறது, வளையத்தைக் காணோமே?

கேள்வி: லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவின் கல்ச்சர் ஒன்றை வளர்த்து, மற்ற பாக்டீரியாக்களை அடக்கும்படி அது தரும் நைசினை எடுத்துப் பார்க்கிறேன். 37 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பேன். முன்பெல்லாம் செல்களைப் பிரித்தபின் நிற்கும் மேல்நீரைச் சோதித்தால், சோதனைக் கிருமி வளராத தடுப்பு வளையம் பளிச்சென்று தெரியும். அமிலம் ஏறினால் வளர்ச்சி நின்றுவிடும் என்றார்கள். அதனால் பிஎச் 6-க்குக் கீழே இறங்காமல் காரம் விட்டுக்கொண்டே இருந்தேன். வளர்ச்சி அமோகம், வளையம் மட்டும் இல்லை. கல்ச்சர் விற்ற முகவர், வீரியம் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள், கூடவே பூஸ்டர் பொடியும் சேருங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கல்ச்சர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சரக்கைக் கொட்டிவிட்டு வெறும் பாத்திரத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நைசின் என்பது 34 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துண்டு. பிஎச் 6 வாக்கில், அது தன்னை உண்டாக்கிய பாக்டீரியாவின் மேலேயே போய் அப்பிக்கொள்ளும். பிஎச் 3-க்குக் கீழே இறக்கினால் பிடியை விடும். நீங்கள் பிஎச் 6-இல் நிறுத்தி, அப்படியே சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்த செல்களைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். நைசினில் பெரும்பகுதி அதோடு போயிருக்கும். காரம் விட்டதில் தவறில்லை, அந்த பிஎச்சில் நைசின் கூடுதலாகவே உண்டாகும். செல்களைப் பிரிப்பதற்கு முன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 2.5-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு அப்புறம் சுற்றுங்கள்.

இன்னொரு சங்கதி, கொஞ்சம் கசக்கும். முன்பு பளிச்சென்று தெரிந்த வளையம் நைசினால் வந்ததுதானா? லாக்டிக் அமிலமே எதிரிக் கிருமியை அடக்கும், வட்டமாக வளையமும் காட்டும். மேல்நீரை பிஎச் 6-க்கு மாற்றிய பிறகு வளையம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், ஒரு பங்கில் புரதம் சிதைக்கும் நொதியைச் சேர்த்துப் பாருங்கள். ஆல்ஃபா கைமோட்ரிப்சின் நல்லது. இன்னொரு நொதியான ட்ரிப்சினுக்கு நைசின் சுலபத்தில் மசியாது. நொதி சேர்த்ததும் வளையம் மறைந்தால்தான் அது புரதத்தின் வேலை. சோதனைக் கிருமியாக ஈ.கோலையை வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அதன் வெளிச்சவ்வைத் தாண்டி நைசின் உள்ளே போகாது, அங்கே தெரியும் வளையம் பெரும்பாலும் அமிலத்துடையதுதான். அந்த வெளிச்சவ்வு இல்லாத மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் போதும். இந்த மூன்று வரிச் சோதனையைச் செய்யாமல், வளையத்தின் விட்டத்தை மட்டும் மில்லிமீட்டரில் எழுதி, முத்திரை குத்திக் கொடுக்கும் அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கேட்டால், படிவத்தில் அந்தக் கட்டம்தான் இருக்கிறது என்கிறார்கள்.

37 டிகிரி, 24 மணி என்பதும் அப்படி வந்ததுதான். மனித உடலில் வாழும் கிருமிகளுக்கு எழுதிய வழிமுறையை எல்லோரும் நகலெடுக்கிறார்கள். லாக்டோகாக்கஸுக்கு 30 டிகிரிதான் பிடிக்கும். நேரம் இன்னும் முக்கியம். இந்த வகைப் புரதங்கள் வளர்ச்சி வேகமாக நடக்கும்போதே உண்டாகி, வளர்ச்சி ஓயும் நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதன்பின் குறையும். ஒரு பகுதி செல்களில் ஒட்டும், ஒரு பகுதியை நொதிகள் சிதைக்கும். ஆறாவது மணியிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு முறை மாதிரி எடுங்கள், உங்கள் கல்ச்சரின் உச்சம் எப்போது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். எவ்வளவு கலங்கலாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பூஸ்டர் பொடிக்கு வருவோம். அதில் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஈஸ்ட் சாறு, மாங்கனீசு, ட்வீன் 80 என்று பதில் வந்தால், லாக்டிக் பாக்டீரியாக்களை வளர்க்கும் எம்ஆர்எஸ் ஊடகத்தில் 1960 முதல் இருக்கும் பொருள்களுக்கே மறுபடி காசு கொடுக்கிறீர்கள். இதே ஆட்கள் அடுத்ததாக 'கிராமுக்கு 10 லட்சம் யூனிட்' வீரியம் என்று நைசின் பொடியும் காட்டுவார்கள். தூய நைசினில் ஒரு மில்லிகிராமுக்கே 40,000 யூனிட். கணக்குப் போட்டால் அந்தப் பொடியில் நைசின் 2.5 சதவீதம், மீதி பெரும்பாலும் உப்பு. அது மோசடியில்லை, வழக்கமான சந்தைச் சரக்கு. 'தூயது' என்று சொல்லி விற்பதுதான் மோசடி. பூஞ்சையையும் ஈஸ்டையும் அடக்கும் என்றாலும் நம்ப வேண்டாம், நைசின் அவற்றைத் தொடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை நன்றாகப் படியுங்கள். நான் சொன்ன பிஎச் 6 கணக்கு நைசினுக்கு. நாளை முகவர் பீடியோகாக்கஸ் என்ற வேறு பாக்டீரியாவின் கல்ச்சரைக் கொடுத்தால் இதே முறையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது தரும் தடுப்புப் புரதமான பீடியோசினுக்குக் கதை தலைகீழ். காரம் விட்டு பிஎச்சை உயர்த்தியே வைத்தால் செல்கள் செழிக்கும், பீடியோசின் சொற்பமாக இருக்கும். பிஎச் தானாக 5-க்குக் கீழே இறங்க விட வேண்டும். மறுபடி சொல்கிறேன்: நைசினுக்குக் காரம் விடலாம், பீடியோசினுக்குக் கூடாது. மேலும் பீடியோசின் மரபணு, பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ துண்டில் இருப்பதால், மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால் நழுவிவிடவும் கூடும். அந்தக் கல்ச்சரில் மட்டும் 'வீரியம் போய்விட்டது' என்ற பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்கும் மருந்து பூஸ்டர் அல்ல, உறைய வைத்த மூலக் குப்பியிலிருந்து மறுபடி தொடங்குவதுதான்.