கூதல் மாலையும் கடைச் சாப்பாடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மார்கழி மாதப் பின்னேரங்களில் பிள்ளைகளோடு திருகோணமலை நகரத்துக்கு வந்து கடையில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மழைக்காற்றில் சாப்பாடு உடனே ஆறிவிடுகிறது. எதை வாங்கினால் நல்லது? (வாசகி ஒருவர், உப்புவெளி)

பதில்: மார்கழி இரவிலும் எங்கள் ஊரின் வெப்பநிலை 23, 24 பாகை செல்சியஸை விட்டு அதிகம் இறங்குவதில்லை, நுவரெலியாவிலிருந்து வருபவர் இதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நனைந்த உடுப்பின் மேல் வாடைக்காற்று படும்போது, ஈரம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால் கூதல் பிடிக்கிறது. ஆகவே முதலில் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். டச்சுக்குடாக் கடற்கரையில் இறால் வடை தின்பது கோடைக்கு உகந்த இன்பம். மாரியில் பேருந்து நிலையத்தை அண்டிய கடைத்தெருவில், அடுப்பு வாசலிலேயே எரியும் கடை ஒன்றின் உள்மேசைதான் என் தெரிவு.

அடுத்தது, அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருவதைக் கேளுங்கள். அப்பமும் தோசையும் அப்படிப்பட்டவை. அப்பத்தை ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். இருந்தாலும் ஐந்தாறு அப்பத்தை அடுக்கிக் கொண்டுவந்தால் அடியிலுள்ளவை வியர்த்து, மொறுமொறுப்பு இழந்து போய்விடும். கொத்துரொட்டிக்கு வேண்டிய ரொட்டி முன்பே சுடப்பட்டதாயினும், இரும்புத் தட்டில் மறுபடியும் நன்றாகச் சூடேறுகிறது. கவனிக்க வேண்டியது அதனோடு வரும் ஆணத்தைத்தான். அது கொதிக்கக் கொதிக்க வராவிட்டால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். இடியப்பம் பெரும்பாலும் முன்கூட்டியே அவித்து வைக்கப்படுவது. சொதி சூடாக இருந்தால் அந்தக் குறை தெரியாது.

கண்ணாடிப் பெட்டியிலுள்ள றோல்ஸ், பற்றீஸ், கட்லட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சமைத்த உணவைச் சூடாக வைத்திருப்பதானால் 60 பாகைக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெட்டிக்குள் எரியும் சிறு மின்குமிழ் தரும் வெதுவெதுப்பு அந்த அளவை எட்டாது. மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த உள்ளீட்டில் கிருமி பெருகுவதற்கு அது வசதியாகவும் அமைந்துவிடுகிறது. இதற்கு மேலே, பலவகைப் பண்டங்களை ஒரே தட்டில் வைத்து, தின்றதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு மிச்சத்தை மீண்டும் பெட்டிக்குள் வைக்கும் வழக்கம் எங்கள் கடைகளில் இன்னும் இருக்கிறது. எத்தனை மேசைகளைச் சுற்றி வந்த றோல்ஸ் என்று யாருக்குத் தெரியும்? புதிதாகப் பொரித்து இறக்கும் நேரத்தைக் கேட்டு அப்போது வாங்குவதே மேல்.

இஞ்சிப் பிளேன்ரீ தாராளமாகக் குடியுங்கள். ஆனால் குளிருக்கு இதமென்று உறைப்பைக் கூட்டிச் சாப்பிடுவதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மிளகாயின் காரப்பொருள் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுவதால், உடல் உண்மையிலேயே சூடாகிவிட்டதென எண்ணி வியர்க்கிறது. அந்த வியர்வையோடு வெளியே காற்றில் இறங்கினால் கூதல் முன்னரைவிடக் கூடும்.

கேள்வி: கடலோர ஊரில் இருந்துகொண்டு மாரியில் மீன் சாப்பிட வேண்டாம் என்கிறார் என் மாமியார். சரியா? (வாசகர் ஒருவர், நிலாவெளி)

பதில்: மாமியார் அனுபவத்தால் பேசுகிறார். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் பல நாட்கள் கரையிலேயே கிடக்கின்றன. அப்போது மேற்குக் கடல் அமைதியாக இருப்பதால், அங்கிருந்து ஐஸ் போட்ட மீன் வருவதும் உண்டு. அதில் தவறில்லை. சூரை, கும்பளா போன்ற மீன்கள் பிடிபட்ட பின் போதிய குளிரில் வைக்கப்படாவிட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற விளைவுகளைத் தரும் பொருள் உருவாகிவிடும் என்பதே கவலை. சமைப்பதால் அது அழியாது. மறுபடி ஐஸ் போட்டாலும் குறையாது. மீனை வாயிலிட்டதும் மிளகு கடித்தாற்போல் நாக்குச் சுறுசுறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகம் சிவத்தல், தலையிடி, தோல் தடிப்பு என்பன சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலத்துக்குள் தொடங்கக்கூடும். மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்த மீன், எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தயங்கும் கடையில் முட்டைக் கொத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: திருவெம்பாவை நாட்களில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறேன். வேலைத்தலத்து நண்பர்கள் கொத்துக்கடைக்கு அழைத்தால் மரக்கறிக் கொத்துச் சாப்பிடலாமா? (வாசகர் ஒருவர், திருகோணமலை)

பதில்: திருவாதிரையோடு நிறைவுறும் அந்தப் பத்து நாட்களையும் எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மரக்கறிக் கொத்து என்று கேட்டாலும், சொல்லாவிட்டால் முட்டை உடைத்து ஊற்றும் கடைகள் பல. இறைச்சிக் கொத்துப் போட்ட அதே தட்டில், அதே தகடுகளால்தான் இதையும் கொத்துவார்கள். மேலே ஊற்றும் ஆணமும் பெரும்பாலும் கோழிக்கறியிலிருந்து எடுத்ததாக இருக்கும். முட்டையை வேண்டாம் எனலாம், ஆணத்துக்குப் பதிலாகப் பருப்புக் கேட்கலாம், ஆனால் உங்கள் ஒருவருக்காகத் தட்டைக் கழுவித் தரமாட்டார்கள். அதைவிட எல்லோரையும் சைவக்கடைக்கு அழைத்துப் போவது நல்லது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாய் வேலை செய்யும் எங்கள் ஊரில், யாரும் எதையும் விசாரிக்காமல் ஒரே மேசையில் உண்ணக்கூடியது தோசையும் வடையும்தான்.

கேள்வி: மழைக்கு ஒதுங்கிய கடையில் தண்ணீர்ப் போத்தலுக்குக் குறித்த விலையை விடக் கூடுதலாக வாங்கினார்கள். யாரிடம் சொல்வது? (வாசகி ஒருவர், கிண்ணியா)

பதில்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், சிட்டை கையில் இருந்தால் முறைப்பாடு வலுப்பெறும். சமையலறை அழுக்கு, பழுதான உணவு போன்றவற்றுக்கு உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடையைச் சோதிக்கவும், மாதிரி எடுக்கவும், வழக்குத் தொடரவும் அவருக்கு அதிகாரம் உண்டு.