கணக்கெடுப்பு நிற்கக் கூடாது

அன்புள்ள ஐயா,

கானுயிர்ப் பாதுகாப்புக் குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அரசு கவிழ்ந்ததிலிருந்து எல்லாம் தள்ளாடுகிறது. நிதி வரவில்லை, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை, ஜீப்புக்கு டீசல் இல்லை. ஜனங்கள் தெருவில் நிற்கும்போது விலங்குகளுக்காகப் பணம் கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. இழுத்து மூடிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

உங்களோடு ரோந்து போகிறவர்களும் அந்த ஜனங்களில் சேர்ந்தவர்கள்தானே? அவர்கள் சம்பளத்தைத்தான் கேட்கிறீர்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். சித்வன் காட்டுக்கு ராணுவம்தான் காவல். போர் முற்றியதும் காட்டுக்குள் சிதறிக்கிடந்த சிறு முகாம்களைக் கலைத்து, சில இடங்களில் மட்டும் ஆட்களைக் குவித்தார்கள். அவர்களுக்கும் உயிர்ப்பயம், குறை சொல்ல முடியாது. ஆனால் முகாம் காலியான செய்தி வேட்டைக்காரனுக்குத்தான் முதலில் எட்டும். 2000இல் அங்கே 544 காண்டாமிருகங்கள். 2005இல் 372.

சரிவு பெரிதுதான். எனக்கு ஆச்சரியம், 2005இல் எண்ணினார்களே என்பது. போர் அப்போது முடியவில்லை. யானைகளை வரிசை கட்டி ஆளுயரப் புல்லுக்குள் ஓட்டிப்போய், கொம்பின் வளைவு, காதுக் கிழிசல், தோல் மடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிடாமல் குறித்துக்கொள்ளும் வேலை அது. அந்த 372 கையில் இருந்ததால் பின்னால் வந்தவர்களுக்குத் தொடங்க ஓர் இடம் கிடைத்தது. 2011இல் நேபாளத்தில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையில் சாகவில்லை. 2021இல் நாடு முழுக்க 752. சித்வனில் மட்டும் 694. அசாமின் மானஸ் காட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கலவர ஆண்டுகளில் காண்டாமிருகமே அற்றுப்போய், வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

ஆகவே எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அலுவலகம், கருத்தரங்கு, வழவழப்பான ஆண்டறிக்கை (அதை யார் படித்தார்கள்?) போகட்டும். காவலர்களுக்குப் பாதிச் சம்பளமாவது நிற்காமல் போகவேண்டும். தடம் பார்க்கத் தெரிந்த ஆள் வேலையில்லாமல் உட்கார்ந்தால், அவர் வீட்டுக் கதவை அடுத்துத் தட்டுவது வேட்டைக் கும்பல்தான்.

டீசல் இல்லாவிட்டால் நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு பாதை. மாதம் இரண்டு நடை. எத்தனை தடம், எத்தனை கண்ணி என்று ஒரு நோட்டில் எழுதி, அதன் நகலை வேறு ஊரில் வையுங்கள். தானியங்கிக் கேமராக்களைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். துப்பாக்கியோடு போகிறவன் முகம் அதில் விழுந்தால், பழி உங்கள் காவலர்மேல்தான் விழும்.

வெடிச்சத்தம் கேட்கிற நாளில் யாரையும் அனுப்பாதீர்கள். அந்தத் தேதிக்கு நேராக 'போகவில்லை' என்று எழுதுங்கள். காலியாக விட்டால், தடம் எதுவும் இல்லை போலிருக்கிறது என்று பிறகு யாராவது கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.