ஸ்டீம்போட்டா, பார்க் சிட்டியா? மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் நேரத்தில் ஊர் மாறலாமா?

கேள்வி: டென்வர் பக்கத்தில் அரோராவில் இருக்கிறோம். கணவருக்கு ஹெச்-1பி விசாவில் சாஃப்ட்வேர் வேலை, இப்போது முழுக்க வீட்டிலிருந்துதான். நான் நர்ஸ், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு, பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். மகன் இரண்டாம் வகுப்பு. வார இறுதியில் பனிச்சறுக்குக்குப் போய்ப் பழகி, இப்போது மலையூரிலேயே குடியேறிவிடலாம் என்று நான்கு பேருக்குமே ஆசை வந்துவிட்டது. கொலராடோவில் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், யூட்டாவில் பார்க் சிட்டி என்று இரண்டில் வந்து நிற்கிறது. பெரியவளின் படிப்பு கெட்டுப்போகுமோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்: அம்மா, முதலில் படிப்பைப் பற்றிய பயத்தை இறக்கி வையுங்கள். இரண்டு ஊரிலும் அரசுப் பள்ளிகள் நன்றாகவே நடக்கின்றன. ஸ்டீம்போட் மக்கள் 1993லிருந்து பொருட்கள் வாங்கும்போது அரை சதவீதம் கூடுதல் வரி கட்டிப் பள்ளிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். பார்க் சிட்டி பள்ளிகளுக்கும் பணத் தட்டுப்பாடு என்று சொல்ல முடியாது. உங்கள் மகள் இரண்டில் எங்கே படித்தாலும் நல்ல கல்லூரிக்குப் போக முடியும்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. உங்கள் கணவருக்கு ஒரு நாள் லே ஆஃப் என்று மின்னஞ்சல் வந்தால், ஹெச்-1பி விதிப்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அதற்குள் அடுத்த நிறுவனம் விசா மனு போட வேண்டும். இல்லையென்றால் குடும்பமே கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் எந்த ஊர் அழகு, எந்த மலையில் பனி நல்ல பனி என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த 60 நாளில் எந்த ஊரிலிருந்து வேலை தேடுவது சுலபம் என்று பாருங்கள். ரிமோட் வேலையை நம்பி மலையேறுகிறவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஸ்டீம்போட்டிலிருந்து டென்வருக்கு நல்ல வானிலையிலேயே மூன்று மணி நேரம். நடுவில் 2,870 மீட்டர் உயரத்தில் ராபிட் இயர்ஸ் கணவாயைத் தாண்ட வேண்டும். பனிப்புயல் வந்தால் அந்தச் சாலையை மூடிவிடுவதும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம் வரச் சொல்லும் வேலை கிடைத்தால்கூட அங்கிருந்து போய்வர முடியாது. பார்க் சிட்டி கதை வேறு. ஐ-80 நெடுஞ்சாலையில் இறங்கினால் சுமார் 50 கிலோமீட்டரில் சால்ட் லேக் சிட்டி, விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. தெற்கே லீஹை முதல் பிரோவோ வரை சாஃப்ட்வேர் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. அடோபியின் பெரிய வளாகம் லீஹையில்தான் இருக்கிறது.

உங்கள் வேலைக்கும் இதே கணக்குதான். ஸ்டீம்போட்டில் இருப்பது ஒரே மருத்துவமனை. நல்ல மருத்துவமனைதான், ஆனால் உயிருக்குப் போராடும் குழந்தையை அங்கிருந்து டென்வர் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதாவது, இத்தனை வருடம் நீங்கள் கற்ற தனித்திறமைக்கு அங்கே வேலை கிடையாது. பொது வார்டுக்கோ அவசர சிகிச்சைக்கோ மாற வேண்டியிருக்கும். பார்க் சிட்டியில் இருந்தால் சால்ட் லேக் சிட்டியின் பிரைமரி சில்ட்ரன்ஸ் மருத்துவமனைக்கு ஷிஃப்ட் போய்வரலாம். 2024ல் அவர்கள் லீஹையிலும் ஒரு வளாகம் திறந்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் இந்தத் தூரம் தாங்கும். உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மாநில நர்ஸ் உரிமம் மற்ற மாநிலங்களிலும் செல்லும் என்ற ஒப்பந்தத்தில் கொலராடோ, யூட்டா இரண்டுமே இருக்கின்றன. குடிபெயர்ந்த 60 நாளுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பித்துவிட்டால் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஸ்டீம்போட்டுக்கு நியாயம் செய்யாமல் விட எனக்கு மனசில்லை. பிள்ளைகளுக்காகவே கட்டிய ஊர் மாதிரி இருக்கும். ஊர் நடுவிலேயே ஹவல்சன் ஹில் என்ற சிறிய பனிச்சறுக்குக் குன்று. நார்வேயிலிருந்து வந்த கார்ல் ஹவல்சன் தொடங்கி வைத்து, 1915 முதல் இன்றுவரை நடக்கிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக அங்கேதான் போவார்கள். இந்த ஊர் கிளப்பில் பழகி ஒலிம்பிக்ஸ் வரை போனவர்கள் ஏராளம். பிப்ரவரியில் குளிர்காலத் திருவிழா நடக்கும். லாரிகளில் பனியைக் கொண்டுவந்து கடைத்தெருவில் கொட்டிப் பரப்புவார்கள். குதிரையில் ஒருவர் முன்னே பாய்ந்து போக, பின்னால் கயிற்றைப் பிடித்தபடி ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பனிப்பலகையில் சறுக்கிக்கொண்டே போவார்கள். நடைபாதை முழுக்க அப்பா அம்மாக்கள் கத்திக்கொண்டு நிற்பார்கள். உயர்நிலைப் பள்ளி பேண்ட் அதே தெருவில் காலில் பனிப்பலகை மாட்டிக்கொண்டு வாசித்தபடியே வரும். கிளாரினெட் வாசிக்கும் பெண் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கணவருக்குக் கிரீன் கார்டு கையில் இருந்து, பெரியவளும் இன்னும் தொடக்கப் பள்ளியில் இருந்திருந்தால், யோசிக்காமல் ஸ்டீம்போட் போங்கள் என்றே எழுதியிருப்பேன்.

இன்றைய நிலையில் என் பதில் பார்க் சிட்டி. அங்கேயும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஊர் மையத்தில் பணம் அதிகம். பல வீடுகள் வெளியூர்ப் பணக்காரர்களின் இரண்டாவது வீடு. வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். பதின்மூன்று பதினான்கு வயதில் ஒப்பிட்டுப் பார்ப்பது அதிகம். வகுப்புத் தோழி பனிச்சறுக்குக்குத் தனி பயிற்சியாளர் வைத்திருக்கிறாள், நாம் ஏன் வாடகை பூட்ஸ் என்று உங்கள் மகள் கேட்பாள். இதைக் கிளம்பும் முன்பே அவளிடம் பேசிவிடுங்கள், சம்பளக் கணக்கையும் மறைக்காமல் காட்டுங்கள். அதே பள்ளியில் ஹோட்டலிலும் மலையிலும் கூலி வேலை செய்கிற, பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவளுக்கு அங்கேயும் தோழிகள் கிடைப்பார்கள்.

வீட்டுப் பிரச்சினை இரண்டு ஊருக்கும் பொது. தனி வீடு வாங்க நினைத்தால் பத்து லட்சம் டாலர் போதாது. 2024 டிசம்பர் கடைசியில் பார்க் சிட்டி மலையின் பனிச்சறுக்குப் பாதுகாப்புப் பணியாளர்கள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடக்கச் சம்பளத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக்கக் கேட்டார்கள், கடைசியில் வாங்கினார்கள். மலையில் உழைக்கிறவர்களாலேயே அந்த ஊரில் வாடகை கட்ட முடியவில்லை. ஸ்டீம்போட்டில் உழைப்பவர்களுக்காக பிரவுன் ரேஞ்ச் என்ற பெரிய வீட்டுத் திட்டம் வந்தது. அந்த நிலத்தை நகரத்தோடு சேர்ப்பதை 2024 மார்ச்சில் வாக்காளர்களே நிராகரித்துவிட்டார்கள். ஆகவே எந்த ஊரானாலும் முதல் வருடம் வாடகை வீடுதான். வாங்கும் பேச்சையே எடுக்காதீர்கள்.

முகவரியில் கவனமாக இருங்கள். வாடகை குறைவு என்று பக்கத்து ஊர்களான ஹீபர் சிட்டிக்கோ கேமஸுக்கோ போனால் பள்ளி மாவட்டமே மாறிவிடும். பார்க் சிட்டி பள்ளிதான் வேண்டும் என்றால் கிம்பல் ஜங்ஷன், ஜெரமி ரேஞ்ச் பக்கம் தேடுங்கள். ஊர் மையத்தைவிட ஐ-80க்கு நெருக்கம், உங்கள் ஷிஃப்டுக்கும் வசதி. பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, இலவசம். மகள் தானாகவே போய்வரலாம். அப்புறம், சமையலுக்கு மளிகை, பிள்ளையார் கோயில் எல்லாம் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் இருக்கின்றன, கோயில் சவுத் ஜோர்டனில். ஸ்டீம்போட்டில் இருந்தால் இதற்கெல்லாம் டென்வர்தான்.

மகன் விஷயம் சுலபம். 2034 குளிர்கால ஒலிம்பிக்ஸ் யூட்டாவில்தான் நடக்கப் போகிறது. அப்போது அவன் உயர்நிலைப் பள்ளியில் இருப்பான். 2002 போட்டிகளுக்குக் கட்டிய ஒலிம்பிக் பூங்காவில் இப்போதும் சிறுவர்கள் பனித்தாவல் பழகுகிறார்கள். அவன் எங்கே சேர்ந்தாலும் ஒட்டிக்கொள்வான்.

மகளுக்குத்தான் நேரம் முக்கியம். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே கல்லூரி விண்ணப்பத்தில் கணக்காகும். ஆகவே இந்தக் கோடையிலேயே போய்விடுங்கள், இல்லையென்றால் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை அரோராவிலேயே இருங்கள். பத்தாம் வகுப்பு நடுவில் மாற்றுவது மட்டும் வேண்டாம். கணிதத்தில் எந்த நிலையில் சேர்ப்பார்கள், பேண்டுக்குத் தேர்வு எப்போது என்று பள்ளி ஆலோசகரிடம் ஏப்ரலிலேயே கேளுங்கள். பேண்ட் நிச்சயம் தொடரட்டும். புது ஊரில் முதல் நாளே நாற்பது பேருக்கு நடுவில் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்.

கல்லூரிக் கட்டணத்தையும் இப்போதே பாருங்கள். யூட்டா போனால் கொலராடோவின் போல்டர் பல்கலைக்கழகமும், கோல்டனில் உள்ள ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் என்ற பொறியியல் பல்கலைக்கழகமும் வெளிமாநிலக் கட்டணத்துக்குப் போய்விடும். பதிலுக்கு யூட்டா பல்கலைக்கழகம் வீட்டுப் பக்கமே வரும். அவள் மனசில் மைன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். விசாவில் இருக்கும் பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம் பொருந்துமா என்பதை, அவளுடைய விசா வகையைச் சொல்லி, பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, இது மிக அவசரம். ஹெச்-1பி வேலை செய்யும் இடத்தோடு கட்டப்பட்டது. வீட்டிலிருந்து வேலை என்றாலும் வீடு இருக்கும் இடம்தான் வேலை இடம். டென்வர் பகுதியைத் தாண்டிக் குடிபோகும் முன் நிறுவனம் திருத்த மனு தாக்கல் செய்தாக வேண்டும். மேலாளர் வாயால் சரி என்றது போதாது. உங்கள் கணவர் இந்த வாரமே மனிதவளத் துறைக்கும் நிறுவன வழக்கறிஞருக்கும் எழுதட்டும். மனு தாக்கலான ரசீது கைக்கு வந்த பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.