நடிகரின் கார் என்று எழுதி வாங்கினீர்களா?

கேள்வி: 1958 மாடல் மெர்சிடிஸ் 220 எஸ் காரை, பழம்பெரும் நடிகர் ஒருவர் வைத்திருந்தது என்று சொல்லிக் குடும்ப நண்பர் எனக்கு 38 லட்சத்துக்கு விற்றார். அந்த நடிகர் காரில் சாய்ந்து நிற்கும் புகைப்படமும் தந்தார். நான்கு மாதம் கழித்துப் பழைய ஆர்.சி. புத்தகத்தின் நகல் கிடைத்தது. முதல் உரிமையாளர் ஒரு மில் அதிபர்; நடிகர் பெயரே இல்லை. கேட்டால் சிரிக்கிறார். போன வாரம்தான் எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்தேன். மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: அவர் சிரித்ததும் நட்பு முறிந்ததும் நீதிமன்றத்துக்கு வேண்டாத சங்கதி. நடிகரின் கார் என்ற பேச்சு எழுத்தில் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய விற்பனைக் கடிதத்தில் இல்லை. வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்தப் போனைப் பத்திரமாக வையுங்கள்.

புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட் மில் அதிபரின் காருடையதுதான். ஆக, படம் உண்மை. இரவல் காரிலும் சாய்ந்து நிற்கலாம் அல்லவா? "நானும் நம்பித்தான் சொன்னேன்" என்பார் விற்றவர். அது எடுபட்டால் மோசடி போய், வெறும் தவறான கூற்று மிஞ்சும். கொஞ்சம் விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 19ஆம் பிரிவின் விதிவிலக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும்; விற்பனையை ரத்து செய்ய முடியாது. பழைய பதிவு விவரத்தை வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாமே!

இவற்றைவிட என்னைக் கலங்கடிப்பது அந்த எஞ்சின். குறை தெரிந்த பிறகும் சொந்தக்காரரைப் போலப் பொருளைக் கையாண்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம் கொள்ளும். பிறகு காரைத் திருப்பித் தள்ள முடியாது. நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். என் கட்சிக்காரர் ஒருவர் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, சும்மா நிற்கிறதே என்று பம்பருக்குக் குரோம் பூசினார், சீட்டுக்குத் தோல் மாற்றினார். எதிர்த்தரப்பு அந்த ஷெட் பில்லைத் தாக்கல் செய்தது. அதன்பின் காரைத் திருப்பும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. இன்றே மெக்கானிக்கை நிறுத்துங்கள். கழற்றிய பாகங்களைப் படமெடுத்துப் பட்டியல் போடுங்கள்.

பாகங்கள் அசல் இல்லை என்று வாதாட நினைத்தால், அதையும் விட்டுவிடுங்கள். 1929, 1930 லெ மான் கார்ப் பந்தயங்களில் வுல்ஃப் பர்னாட்டோ வென்ற பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், எல்லாம் மாறிவிட்டது என்று பின்வாங்கினார்கள். 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காரின் வரலாறு அறுபடாமல் தொடர்ந்ததையே பார்த்தது. உங்கள் காரில் ஓட்டையே அந்த வரலாற்றில்தான்.

போலீஸ் இதை சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பி, பேசி முடியுங்கள். நடிகர் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுத்த தொகையில் பாதி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி வரைவோலையாக, காசோலை வேண்டாம்.