முதியவரின் தலைச்சுற்றலுக்கு பி12 குறைவு காரணமாகுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. சைவ உணவுதான் சாப்பிடுவார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துவருகிறார். சில மாதங்களாக அடிக்கடி தலை சுற்றுவதாகச் சொல்கிறார். வைட்டமின் குறைவாக இருக்கும் என்று மருந்துக் கடையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். தரலாமா?

பதில்: ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கும்வரை அந்த மாத்திரையைத் தர வேண்டாம். முதலில் மாத்திரை, பிறகு பரிசோதனை என்று போனால், ரத்தத்தில் அளவு கூடிவிடும். உண்மையில் குறைவு இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும்.

உங்கள் தாயாருக்கு பி12 குறைவதற்கு வாய்ப்பு அதிகம். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே இந்தச் சத்து கிடைக்கிறது. சைவ உணவு உண்பவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. வயது ஏறஏற இரைப்பையில் அமிலச் சுரப்பு குறைந்து, உணவிலுள்ள பி12 சரிவரப் பிரிவதில்லை. மெட்ஃபார்மின் அதை உடல் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்றவற்றை நெடுநாள் எடுத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

இச்சத்து குறையும்போது ரத்தசோகையால் கிறுகிறுப்பு வரலாம். அதைவிட நான் கவலைப்படுவது நரம்புகளைப் பற்றித்தான்: பாதம் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் தண்டுவட நரம்புகள் பாதிக்கப்பட்டால், கண்ணால் பார்த்தே உடல் நிலைகொள்ள வேண்டியிருக்கும். எனவே முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதும் இருட்டில் நடக்கும்போதும் அவர் தள்ளாடிச் சுவரைப் பிடிக்கிறாரா, பாதங்களில் மதமதப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். ரத்தசோகை இல்லாமலேயே இந்தப் பாதிப்பு வரக்கூடும். ஃபோலிக் அமிலம் என்ற வேறொரு வைட்டமினை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகி, நரம்புச் சேதம் மறைவாகத் தொடரலாம்.

ஆனால் படுக்கையில் புரளும்போது அறையே சில விநாடிகள் சுழன்றால் உள்காதின் கோளாறே முதலில் நினைவுக்கு வர வேண்டும். அதை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் பயிற்சியாலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். எழுந்தவுடன் கண் இருட்டினால், படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அழுத்த மாத்திரைகள், நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு, ஏன், பி12 குறைவும்கூடக் காரணமாகலாம். தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், வாய் கோணல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கப் பலவீனம் ஆகியவற்றில் ஏதேனும் திடீரென வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பொதுவாக ரத்தத்தில் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழ் இருந்தால் குறைவு என்பர்; 200 முதல் 300 வரை ஐயத்திற்குரியது, அறிகுறிகளோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். நரம்பு அறிகுறி இருந்தால் ஊசியில் தொடங்குவதே வழக்கம். ரத்தம் சில வாரங்களில் தேறும். நரம்புகளுக்கு மாதங்கள் ஆகும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, அந்தச் சத்து மாத்திரை உட்பட வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.